பின் ஆக்ஸில் கழட்டியைச் செஞ்சது யாரு

சார்ஜா
22.11.2024

கோமதிசங்கருக்கு அமீன் எழுதுதேன்.

போன் அடிச்சா போகல. வாட்ஸ்அப்புல உன் போட்டோவும் தெரியல. பிளாக் பண்ணிட்டன்னு புரிஞ்சுக்கிட்டேன். எங்க தெரு ஆள் ஒருத்தர் லீவுல ஊருக்கு வாரார். அவர் கையில இந்தப் பெட்டியைக் குடுத்து விடுதேன், எங்க உம்மா உன்கிட்ட சேர்த்துருவாக. உம்மா கதீஜம்மாள்கிட்ட உனக்கு ஒண்ணும் சண்டை இல்லைன்னு நினைக்கேன்.

பெட்டியில இருக்கது நீ செஞ்ச கியர்பாக்ஸ். திறந்து பாரு. அதுக்கு முன்னாடி நான் சொல்லுததைக் கேளு, அன்னைக்கு போன்ல பாதி பேச விடாம ஏசிட்டு வச்சுட்ட.

நான் இருக்கிற துணிக்கடையை மார்ச்சு மாசத்தோட மூடுதாங்க. என் விசாவும் அதோட முடியுது. இது உனக்குத் தெரியும். பாறை ஏறுற குட்டி ரிமோட் வண்டி விக்கிற ஜோஷ்வா சார் கடையில பட்டறைக்கு ஒரு ஆள் வேணும்னு தெரிஞ்சதும் நான் அவர் காலைச் சுத்துன நாயாட்டம் அலைஞ்சேன், அதுவும் உனக்குத் தெரியும். மார்த்தாண்டத்துக்காரர், நல்ல மனுசன், ஆனா கறார். "சொந்தமா ஒரு வண்டி கட்டிக் கொண்டா. பின் ஆக்ஸிலை மோட்டார்ல இருந்து கழட்டி விடுற ஏற்பாடு அதுல இருக்கணும், அதைக் கடையில வாங்கி மாட்டக் கூடாது, நீயே செய்யணும். கிளப் போட்டியில ஓட்டிக் காட்டு, பாப்போம்"ன்னார். நான் தலையாட்டிட்டேன். உன்கிட்ட சொன்னேன், நீ செஞ்சு அனுப்புன. இங்கன மாட்டுனது நான். வயர் போட்டது நான். ராத்திரி பகலா ஓட்டிப் பழகுனது நான். அதனால சார் கேட்டப்ப நான் செஞ்சதுன்னு வாய்ல வந்துருச்சு.

வண்டி பாதிப் பாறை ஏறி விழுந்தது. மேல போற வழியில ரெண்டு குச்சி நட்டிருந்தாங்க, அதுக்கு நடுவுல புகணும். அதுக்கு முன்னால திரும்பணும். பின் சக்கரத்தைப் பூட்டி நிறுத்துனேன், முன் சக்கரத்தைத் திருப்புனேன், அப்பவே வண்டி பின்னால சரிஞ்சு, குட்டிக்கரணம் அடிச்சு, கீழ வந்து கிடந்துது. எல்லாரும் பாக்காங்க. ஜோஷ்வா சார் வந்து, என்னடே ஆச்சுன்னு கேக்கார். எனக்கு நாக்கு குழறிட்டு. இது ஊர்ல ஒரு தறி பிட்டர் செஞ்சது சார்னு சொல்லிட்டேன். கிளப்காரன் அதையும் வீடியோ எடுத்து நெட்டுல போடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்.

பிப்ரவரியில இன்னொரு தடவை வாய்ப்பு தாரேன்னு சார் சொல்லியிருக்கார். சரி பண்ணிக் குடு. கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம்.

அமீன்


சங்கரன்கோவில்
15.12.2024

அல் அமீனுக்கு,

பெட்டி வந்துது. உங்க அம்மா கொண்டாந்து தந்தாக. உக்கார வச்சு காப்பி குடுத்து அனுப்பினோம். என் சண்டை உன்னோட மட்டும்தான்.

வீடியோவை நான் ரெண்டு தடவை பாத்தேன். வீட்டுல பொன்செல்விக்கும் போட்டுக் காட்டுனேன். முதல்ல வண்டியைக் கையில தூக்கிக் காட்டி, எல்லாம் நானே செஞ்சதுன்னு சொல்லுத. கடைசியில வண்டி கவிழ்ந்து கிடக்கு, ஊர்ல ஒரு தறி பிட்டர் செஞ்சதுன்னு சொல்லுத. அந்த பிட்டருக்குப் பேரு கூட இல்லை. ஏறுனா உன் கை, விழுந்தா என் கையாடே. பொன்செல்வி இதைப் பாத்துட்டு சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல. எரிச்சலாத்தான் இருந்துது, இன்னும் இருக்கு.

ஆனா ஒண்ணு. நீ செஞ்ச பொருளு எப்படி வேலை செய்யுதுன்னு உனக்குத் தெரியாம இருக்கக் கூடாது. நாளைக்கு உன் முதலாளி கேட்டா முழிக்கப்படாது. அதனால சொல்லித் தாரேன், கேட்டுக்க.

மோட்டார் கியர்பாக்ஸைச் சுத்துது. அதுல இருந்து ஒரு தண்டு முன்னால போவுது, ஒண்ணு பின்னால போவுது. முன் தண்டு எப்பவும் நேரடியா சுத்தும், அதுல நமக்கு வேலை இல்லை. பின் தண்டுக்கு நடுவுல வளையம் மாதிரி ஒரு காலர் போட்டிருக்கேன். கழுகுமலை ரோட்டு லேத்துல நானே நின்னு கடைஞ்சது. அந்தக் காலருக்கு ரெண்டு பக்கமும் பல்லு உண்டு. தண்டு மேலயே முன்னயும் பின்னயும் நகரும். அதை நகட்டுறது சர்வோ, நீ ரிமோட்டுல சுவிட்சைத் தட்டுனா கையை நீட்டுதுல்லா, அந்தக் குட்டி மோட்டார்.

காலர் ஒரு பக்கம் போனா கியரோட பல்லு கோத்துக்கும். நாலு சக்கரமும் சுத்தும். மறுபக்கம் போனா பெட்டிச் சுவரோட கோத்துக்கும். பின் சக்கரம் சுத்தாது, தரையைப் பிடிச்சிட்டு நிக்கும். அந்த நேரம் முன் சக்கரத்தை ஒடிச்சு லேசா விட்டா முன்னால இழுக்கும், பின்னால நகராது, அப்ப வண்டி நின்ன இடத்துலயே திரும்பும். ரிவர்ஸ் எடுத்தா போட்டியில மார்க்கு போவும்னு நீதான் சொன்ன. ரிவர்ஸ் எடுக்காம திரும்புறதுக்குத்தான் இந்தப் பாடு.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அங்கன காலர் எதையும் பிடிச்சிருக்காது. பின் சக்கரம் சும்மா உருளும். சமதளத்துல அது சரி, பாறையில அது ஆபத்து. அந்த இடத்தைக் கடந்துதான் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகணும், வேற வழி கிடையாது.

இப்ப உன் தப்பு என்னன்னு சொல்லுதேன். மோட்டார் இழுத்துட்டு இருக்கையில பல்லு ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும், காலர் நகராது. கொஞ்சம் விட்டுக் குடுத்தாத்தான் கழறும். நீ வேகம் குடுக்கிற த்ராட்டிலை அமுக்கிட்டே சுவிட்சைத் தட்டியிருப்ப. காலர் பாதியில மாட்டிருக்கும். வண்டி விழுந்திருக்கும். பெட்டியில ஒரு பல்லும் உடையலை, நான் திறந்து பாத்துட்டேன். சரி பண்ணுறதுக்கு அதுல ஒண்ணுமில்லை. ஓட்டுறவனைத்தான் சரி பண்ணணும்.

கோமதிசங்கர்


சார்ஜா
11.1.2025

கோமதிக்கு,

படிச்சேன். மூணு தடவை படிச்சேன். நீ சொன்ன பாடத்தை நான் மறுக்கல. ஆனா நான் அன்னைக்கு த்ராட்டிலை அமுக்கல. இதை நீ நம்பணும்னு கேக்கல, நடந்ததைச் சொல்லுதேன்.

நான் சுவிட்சைத் தட்டி பூட்டுனேன், பூட்டிக்கிட்டுது. பின் சக்கரம் அசையாம நின்னுது, கண்ணால பாத்தேன். அதுக்கு அப்புறம் நான் சுவிட்சைத் தொடவே இல்லை. முன் சக்கரத்தைத் திருப்பிட்டு, ஒரு மூச்சு எடுத்தேன், குச்சிக்கு நடுவுல வண்டி போவுமான்னு கண்ணால அளந்தேன். அவ்வளவுதான். நிக்கிற வண்டி தானா விழுந்துது. பின் சக்கரம் ரெண்டும் உருளுது, பெட்டிக்கடை சோடா பாட்டில் மாதிரி உருளுது. இதுக்கு நான் என்ன சொல்ல.

அப்புறம் வண்டியை எடுத்துப் பாத்தா சர்வோ செத்துக் கிடக்கு. தொட்டா சுடுது. ஏறத் தொடங்குனதுல இருந்தே அது ஙொய்ங்னு கொசு கத்துற மாதிரி கத்திக்கிட்டு இருந்துது. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. சரி, செத்துப் போச்சு. செத்தா செத்த இடத்துலதானே கிடக்கணும். பூட்டுன காலர் எப்படி நடுவுக்கு வந்துது. யார் நகட்டுனா. நான் நகட்டலைன்னா அது உன் பெட்டிக்குள்ளதான் நடந்திருக்கணும்.

நீ ஊர்ல இருந்துட்டு பெருசா பேசிருத. உனக்கு தறி இருக்கு, வீடு இருக்கு, பொன்செல்வி இருக்கா. நான் மார்ச்சுல ஊருக்கு வந்து என்ன செய்யணும்னு சொல்லு. மறுபடியும் மைதீன் பாட்சா மாமா கடையில கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து, வாரவன் போறவன்கிட்டயெல்லாம் ஏன் வந்துட்டன்னு பதில் சொல்லிட்டு இருக்கணும். உம்மாவுக்கு சந்தோசமாத்தான் இருக்கும். எனக்குச் செத்துருவோம் போல இருக்கும்.

உன் பேரைச் சொல்லாம விட்டது தப்பு. ஒத்துக்கிட்டேன் இப்ப. ஆனா வண்டி விழுந்தது என்னால இல்லை.

அமீன்


சங்கரன்கோவில்
2.2.2025

அமீனுக்கு,

உன் கடுதாசி வந்த அன்னைக்கே கிழிச்சுப் போடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் மனசு கேக்கல. சாயந்திரம் தறி ஷெட்டுல வேலை முடிஞ்சதும் ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு, உன் பெட்டியை அதுல கட்டி, பின்னால ஒரு எடையைத் தொங்க விட்டேன். வேற ஒரு சர்வோவை மாட்டி பூட்டுனேன். பூட்டிக்கிட்டுது. எடை நின்னுது. சர்வோ வயரை உருவுனேன். காலர் டக்குனு நடுவுக்கு வந்துது, எடை தரையில விழுந்துது. பக்கத்துத் தறிக்காரன் என்னன்னு எட்டிப் பாத்தான்.

நீ சொன்னது சரி.

காலருக்கு ரெண்டு பக்கமும் நான் ஸ்பிரிங் வச்சிருக்கேன். உனக்கு அது தெரியாது. ரெண்டும் ஒரே பலம். சர்வோ உயிரோட இருக்கிறவரை அது தள்ளுன இடத்துல காலர் நிக்கும். செத்துச்சுன்னா ரெண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து நடுவுக்குக் கொண்டாந்துரும், மோட்டார் இழுக்காதப்ப வண்டி எடை மட்டும் அதைப் பிடிச்சு வைக்காது. நான் அப்படித்தான் வேணும்னே செஞ்சேன். ஏன் செஞ்சேன்னு யோசிச்சா சிரிப்பா வருது.

தறியில குறுக்கே போற ஊடு நூலு அறுந்தா, அதைக் கொண்டு போற நாடா நெடுக்குப் பாவு நூலுக்கு நடுவுல சிக்குனா, தறி உடனே கழண்டுக்கணும். மோட்டார் சுத்திட்டுப் போவட்டும், தறி அதுல இருந்து விட்டுரணும். விடலைன்னா பாவு மொத்தமும் அறுந்துபோவும், நெசவாளி தலையில கை வச்சு உக்காந்துருவான். நான் தறியில கைய வச்ச நாள்ல இருந்து இது ஒண்ணுதான் கத்துக்கிட்டது. எது கெட்டுப்போனாலும் முதல்ல கழண்டுக்கணும். அந்தக் கை பழக்கத்துல உன் வண்டியிலயும் அதையே செஞ்சு வச்சிட்டேன். தறி தரையில நிக்கி, கழண்டா ஒண்ணும் ஆகாது. வண்டி பாறையில தொங்குது, கழண்டா கீழதான். ஒரு தறி பிட்டரைத் தவிர வேற எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. நீ வீடியோவுல சொன்னது பாதி சரிதான்.

இந்தத் தடவை கியர் பக்கத்துல மட்டும் ஒரு ஸ்பிரிங், நல்ல முறுக்கு. சுவர் பக்கத்து ஸ்பிரிங்கை எடுத்துட்டேன். இனி சர்வோ செத்தா காலர் சுவரைப் போய்ப் பிடிச்சுக்கும். பின் சக்கரம் பூட்டிரும். வண்டி நகராது, ஆனா விழாது. பலகையில கட்டி வயரை உருவிப் பாத்தேன், எடை அப்படியே நின்னுது. பொன்செல்வியை வந்து இழுக்கச் சொன்னேன், அவளும் இழுத்துப் பாத்தா.

சர்வோ செத்தது உன்னால. அந்தக் கொசுச் சத்தம் என்னன்னா, காலர் கியர்லயோ சுவர்லயோ போய் முட்டுன பிறவும் சர்வோ இன்னும் தள்ளிட்டே இருக்குன்னு அர்த்தம். அதுக்குப் போக இடம் இல்லை, விடவும் தெரியாது, அதனால வெந்து போவுது. ரிமோட்டுல அது எவ்வளவு தூரம் போகணும்னு எல்லை வைக்கலாம். சத்தம் நிக்கிற வரை குறைச்சு வையி. இது கூடத் தெரியாம பட்டறை வேலைக்கு நிக்கியாக்கும்.

ஒண்ணும் சொல்லாம ஸ்பிரிங்கை மாத்தி அனுப்பியிருக்கலாம். உனக்குத் தெரிஞ்சிருக்காது. அப்படித்தான் முதல்ல நினைச்சேன்.

யார் செஞ்சதுன்னு நீ எதையும் சொல்லிக்க, சொல்லாமப் போ. நான் அதைக் கேக்கப் போறதில்லை.

கோமதிசங்கர்


சார்ஜா
18.2.2025

கோமதிக்கு,

வண்டி ஏறிட்டு லே.

அதே பாறை, அதே ரெண்டு குச்சி. சர்வோ எல்லையைக் குறைச்சு வச்சேன், ஒரு சத்தமும் இல்லை. திருப்பத்துல கொஞ்சம் விட்டுக் குடுத்து பூட்டுனேன். பின் சக்கரம் கல்லைப் பிடிச்சுக்கிட்டுது. முன்னால லேசா விட்டேன், வண்டி மூக்கு மட்டும் மெதுவா அந்தப் பக்கம் போச்சு, நிலைக்குத் தேரைத் திருப்புற மாதிரி. குச்சியில படவே இல்லை. அப்புறம் நாலையும் கோத்து ஒரே ஏத்தம். நான் கத்தினதுல ரிமோட்டைக் கீழ போட்டுட்டேன். கிளப்காரங்க எல்லாம் கை தட்டுனாங்க. உனக்கு போன் பண்ணணும்னு கை போச்சு, அப்புறம் நீ பிளாக் பண்ணுனது ஞாபகம் வந்துட்டு.

இப்ப மிச்சத்தைச் சொல்லுதேன்.

ஜோஷ்வா சார் கடைக்குக் கூட்டிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தார். ஒரு ஸ்பிரிங்தான் இருக்கு, அது ஏன்னு கேட்டார். நீ எழுதுனதை அப்படியே சொன்னேன். சர்வோ செத்தா காலர் எங்க போய் நிக்கணுமோ அங்க போய் நிக்கணும் சார்னேன். பூட்டுற பக்கம் ஏன், கழட்டுற பக்கம் ஏன் இல்லைன்னு எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுட்டே இருந்தார். எனக்கு வேலை கிடைச்சுட்டுன்னு அந்த நிமிசம் நிச்சயமாத் தெரிஞ்சுது. அவர் முகம் அப்படி இருந்துது.

அப்புறம் சொன்னார். "போன தடவை அந்தத் தறிக்காரன் தப்பாச் செஞ்சு வச்சிருந்தான், நீ அதைக் கண்டுபிடிச்சு சரி பண்ணிட்ட, அப்படித்தானே?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இல்லை சார், அவனேதான் தப்பைக் கண்டுபிடிச்சான், அவனேதான் சரி பண்ணினான், என்கிட்ட எழுதியும் காட்டினான், பேரு கோமதிசங்கர்னேன். எதுக்குச் சொன்னேன்னு இப்ப வரைக்கும் எனக்கே புரியல.

சார் பெட்டியை மூடி வச்சார். அப்புறம், எனக்கு வேணுங்கிறது அந்த ஆளுதான், அவன் பாஸ்போர்ட் காப்பியை வரவழைன்னார். விசா அவரே எடுப்பாராம். உனக்கு என்ன தெரியும்னு என்கிட்டயும் கேட்டார். ஓட்டத் தெரியும் சார்னேன். ஓட்டுறதுக்குச் சம்பளம் கிடையாதுன்னார். கோவமா சொல்லல, உள்ளதைச் சொன்னார்.

கோமதி, நான் மறைக்காமக் கேக்கேன். நீ சங்கரன்கோவிலை விட்டு வர மாட்டன்னு எனக்குத் தெரியும். போன தடவை நான் லீவுல வந்திருந்தப்ப கரிவலம் பாறையில வண்டி ஓட்டிக்கிட்டே கூப்பிட்டேன், அந்த வெயில்ல எவன் கிடப்பான்னு சொன்ன. அந்த தைரியத்துலதான் உன் பேரைச் சொன்னேன்னு நினைக்கேன். நீ வரல, இஷ்டம் இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. அதைக் காட்டுனா சார் வேற ஆள் தேட மாட்டார், என்னையே வச்சுக்குவார். சாரோட கடை அட்ரஸ் இதுல வச்சிருக்கேன். மார்ச்சுக்குள்ள அது வந்துட்டா போதும்.

அமீன்


சங்கரன்கோவில்
4.3.2025

அமீனுக்கு,

உங்க அம்மா கடுதாசியைக் கொண்டாந்து தரும்போது, மகனுக்கு வேலை அமைஞ்சுட்டாமேன்னு கேட்டாக. நீ அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கன்னு தெரியாததால நான் சிரிச்சுட்டு நின்னேன்.

நீ கேட்ட ரெண்டு வரியை எழுத உக்காந்தேன். வரலைன்னு எழுதுனேன். கிழிச்சேன். மறுபடி எழுதுனேன். பொன்செல்வி அடுப்படியில இருந்து பாத்துட்டே இருந்தா. கடைசியில அவதான் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில வச்சா.

ஆமா, என்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு. உன் கல்யாணப் பேச்சு நின்னுபோயி நீ சார்ஜாவுக்குக் கிளம்புன வருசமே திருநெல்வேலிக்குப் போய் எடுத்தது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வெயில்ல எவன் கிடப்பான்னு சொன்னது, யாரும் கூப்பிடாத வரைக்கும் சொன்னது. நீ கூப்பிட்டது விளையாட்டுக்கு. உன் முதலாளி கூப்பிடுறது அப்படி இல்லை. தறியில ஒரு பொருளைச் சரி பண்ணிட்டு வந்தா, ஏன் ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னு கேப்பாங்க. எப்படி சரி பண்ணுனன்னு என்னை இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்லை. அவர் கேட்டிருக்கார், நீ பதில் சொல்லியிருக்க.

பாஸ்போர்ட் காப்பியை இன்னைக்கு உன் சாரோட அட்ரஸுக்கு நானே தபால்ல போட்டுட்டேன். உனக்கு அனுப்பி உன் கையால குடுக்கச் சொல்லலாம்னு நினைச்சேன். நீ அதைக் குடுக்காம வச்சுக்குவன்னு தோணுச்சு. நான் உன் இடத்துல இருந்தா வச்சுக்குவேன்.

ஓட்டுறதுக்கும் ஒரு ஆள் வேணும்னு அவர்கிட்ட சொல்லிப் பாக்கேன். அவர் சரின்னு சொல்லுவார்னு எனக்குத் தோணல. அதை நம்பி இருக்காத.

நான் வந்து சேருறதுக்கு முன்னாடி நீ கிளம்பிருவன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். வண்டியை யார்கிட்டயும் விக்காம கடையில விட்டுட்டுப் போ.

அமீனுக்கு என்ன எழுதினீகன்னு பொன்செல்வி கேட்டா. வேலை விசயம்னேன். வேற ஒண்ணுமில்லையான்னா. இல்லைன்னுட்டேன். நீ உண்மையைச் சொன்னதாலதான் எனக்கு இந்த இடம். அது உன் இடம், எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாரேன்.

கோமதிசங்கர்